விருந்துக்கு வந்த ஏரி

முள்ளிக்கண்மாய் ஊருக்கு ஏரி வந்து சேர்ந்தது கத்திரி வெயில் பிறந்த அன்றைக்கு, பகல் பதினொன்றரை மணிக்கு. சாத்தூர் போகிற மினிபஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தது, அந்தப் புழுதி அடங்குவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தண்ணீர் கிடந்தது, தண்ணீரின்மேல் கட்டில் அகலத்துக்குப் பனிக்கட்டிகள் வெள்ளை வெள்ளையாய் மிதந்தன, அவற்றின் நடுவே கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட பறவைகள் இரண்டு, இது எந்த ஊர் என்று கேட்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ராக்குதான் முதலில் பார்த்தாள். ஆடுகள் நின்றுவிட்டதால் அவளும் நின்றாள். குனிந்து தண்ணீரில் கையை விட்டு, நெருப்பைத் தொட்டதுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பக்கத்து வீட்டுச் செண்பகவல்லியின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்களத் தேடி வெளியூர்லருந்து யாரோ வந்துருக்காக" என்றாள்.

செண்பகவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரை மணக்கிற கையோடு எழுந்துபோய்ப் பார்த்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி நிற்கிற சொந்தக்காரரை முதுகை வைத்தே தெரிந்துகொள்வோமே, அதுபோல அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கரையில் சாய்ந்து நிற்கும் நாணல், ஓரத்தில் கடுங்காப்பி நிறம், நடுவில் ஈயப் பாத்திரத்தின் நிறம். எண்பத்து நான்கு தடவை வரைந்த முகம் அது. என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்தவர்களிடம் எதைச் சொல்வோமோ அதைத்தான் சொன்னாள்.

"வாங்க, வாங்க. எப்ப வந்தீக? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடத்தச் சுத்தம் பண்ணி வச்சிருப்போம்ல."

ஏரி ஒன்றும் சொல்லவில்லை. அது அதிகம் பேசுகிற ஊரிலிருந்து வந்ததல்ல.

எப்படி வந்தது என்று கேட்டால், கூப்பிட்டார்கள், வந்தது, அவ்வளவுதான். கூப்பிட்ட கதையைத்தான் சொல்லவேண்டும்.

செண்பகவல்லி அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரைநாள் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக்கொடியும் வரையச் சொல்லிக்கொடுப்பாள். மீதி நாட்களில் கணவன் சீனிராஜின் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவாள். அதற்கும் மிஞ்சிய நேரத்தில் சிமெண்டு மூட்டையின் தாளைப் பிரித்து, உதறி, நனைத்துக் காயவைத்து, அதில் கரியாலும் செங்கல் பொடியாலும் தனக்குத் தோன்றியதை வரைவாள். அவள் வரைந்ததெல்லாம் வெடித்த நிலமும், வேலிக்காத்தான் முள்ளும், குடங்களின் வரிசையும்தான். ஒருநாள் கைப்பேசியில் ஓர் அழைப்பு கண்ணில் பட்டது. ஃபின்லாந்து தேசத்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றை ஓவியர்கள் தங்கி வேலை செய்கிற வீடாக மாற்றியிருக்கிறார்கள், உலகத்தில் யாரும் விண்ணப்பிக்கலாம், ரெசிடென்சி மூன்று மாதம். அவள் பன்னிரண்டு படங்களைப் படம்பிடித்து அனுப்பினாள். வரச்சொல்லிப் பதில் வந்தது.

"ரெசிடென்சின்னா லாட்ஜுதான?" என்று தெருவில் கேட்டார்கள். "மூணு மாசம் லாட்ஜுல போய் என்னத்தச் செய்வீக?"

சீனிராஜ் மட்டும், "படம் வரையப் போறா. வரையட்டும். கடைய நான் பாத்துக்கிடுறேன்" என்று சொல்லி, அவளுக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தான், அங்கே போய் இறங்கியபோது அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கைக்குட்டைக்குக்கூட ஆகவில்லை.

அந்த வீட்டை நடத்தியவள் கெர்ட்டு என்கிற அறுபது வயது அச்சு ஓவியக்காரி. மரப்பலகையில் உளியால் கோடு வெட்டி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பாள். பேசமாட்டாள். முதல் வாரம் முழுக்க அவள் ஆங்கிலத்தில் கேட்டது இரண்டே கேள்வி: "காபி?", "குளிர்கிறதா?" செண்பகவல்லி தவித்துப்போனாள். ஒருநாள் தாங்காமல், வழக்கத்தில் சொல்வதுபோல, "நீங்க ஒருநாள் எங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிடணும்" என்று சொல்லிவைத்தாள். மறுநாள் மாலை சரியாக ஐந்து மணிக்குக் கெர்ட்டு தன் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். இருந்த அரிசியில் அவசரமாக எலுமிச்சை சாதம் கிளறிப் போட்டபோதுதான் செண்பகவல்லிக்குப் புரிந்தது: அந்த ஊரில் ஒரு வார்த்தைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். வா என்றால் வா. வருகிறேன் என்றால் வருவார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்தது, பெயர் கைஸ்லா. முதல் இரண்டு வாரம் அவளால் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. தண்ணீரை வரைந்து பழக்கமில்லை. தண்ணீர் இல்லாததை வரைந்துதான் பழக்கம். பிறகு ஒரு காலையில் எழுந்து அந்த ஏரியை வரைந்தாள், மறுநாளும் வரைந்தாள், ஒரு நாளில் இரண்டு தடவை வரைந்தாள், தண்ணீருக்கு நீலம் என்று இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய் என்று தெரிந்துகொண்டாள், அது தகரமாய் இருந்தது, புளித்தண்ணியாய் இருந்தது, கருவாட்டுச் செதிலாய் இருந்தது, ஒரு தடவை பத்து நிமிஷம் செம்பருத்தியாய் இருந்தது. கடைசி வாரத்தில் மேலே கண்ணாடிபோல முதல் பனி உறைந்தது. கிளம்பும் நாளில் அவள் கரையில் குத்தவைத்து, மூன்று மாதம் முகம் பார்த்த பழக்கத்தில், சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று, "போயிட்டு வாரேன். நீங்களும் ஒரு நடை எங்க ஊர்ப்பக்கம் வாங்க" என்றாள்.

நாம் எல்லோரிடமும் சொல்வதுதான். ரயிலில் எதிர்சீட்டில் உட்கார்ந்து வந்தவரிடமும் சொல்வோம். ஏரி அதைக் கேட்டுக்கொண்டது; குளிர்காலம் முடிந்து பனி உடையத் தொடங்கியதும் புறப்பட்டு வந்துவிட்டது.

அங்கே அது குறுக்கே இரண்டு மைல். இங்கே பொட்டலுக்குள், கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்காருகிற கூச்சக்காரரைப்போல, ஓரங்களையெல்லாம் மடக்கிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தது. அது உட்காரவேண்டிய இடம் கண்மாய். ஊரின் பேரில் மட்டும் மிச்சமிருந்த அந்தக் கண்மாயில் இருபது வருஷமாக வேலிக்காத்தான் மண்டி, பாம்பும் கீரியும்கூட ஒதுங்கிப் போகிற அளவுக்கு அடர்ந்து கிடந்தது. வந்தவர்களை உட்காரவைக்க இடமில்லையே என்று செண்பகவல்லிக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஏரியைப் பழகிக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலர் நோட்டும் சங்கிலியுமாக வந்து சுற்றிலும் அளந்தார். பொட்டல் என்று இருந்த இடத்தில் நீர்நிலை என்று எழுதுவதா, எழுதினால் யார் பேரில் எழுதுவது, மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் குழம்பி நின்றபோது, ராக்கு, "விருந்தாளிக்கு எதுக்குய்யா பட்டா?" என்று கேட்டாள். அது அவருக்கும் நியாயமாகப் பட்டது. பதிவேட்டில் பென்சிலால் எழுதி மூடிவைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிக் குளித்தார்.

பெண்கள் மறுநாள் இறங்கினார்கள். கத்திரி வெயிலில் உடம்பு நடுங்குகிற அதிசயத்தை ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மோர்ப்பானைகளைப் பனிக்கட்டியின்மேல் வைத்தார்கள். எருமைகள் இறங்கின, ஏறமாட்டேன் என்றன. உடம்பில் பச்சையும் கறுப்புமாகக் கோடு போட்ட மீன்கள் கரையோரம் வந்தபோது, பிடிக்கலாமா கூடாதா என்று பேச்சு வந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா, அவர்கள் கொண்டுவந்த பண்டத்தைத் தொடாமல் வைத்தால் மனசு சங்கடப்படாதா என்று யாரோ கேட்டதும் எல்லா வீட்டிலும் அன்று மீன்குழம்பு கொதித்தது. பெயரைச் செண்பகவல்லி கைஸ்லா என்று சொன்னாள். தெற்குத் தெருவில் அது கைலாவாகி, ராக்கு வாயில் கைலாக்கா ஆயிற்று. மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டலாமென்று நாலு பேர் வந்தார்கள். "சாமி இல்ல, விருந்தாளி" என்று செண்பகவல்லி சொன்னாள். சூடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டு, ஒரு சொம்பில் பானக்கம் கரைத்துவந்து ஓரத்தில் ஊற்றினார்கள்.

செண்பகவல்லி மட்டும் அந்த நாட்களில் வரையவே இல்லை. வீட்டுக்கு வந்திருக்கிறவர்களை எதிரே உட்கார்ந்து உற்றுப்பார்ப்பது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள் கெர்ட்டு கைப்பேசியில் அழைத்தாள்.

"ஏரி உன்னிடம் இருக்கிறதா?"

"இருக்கு."

"நல்லது. எங்கே போனதென்று தெரியாமல் இருந்தோம்." பிறகு தன் ஊரின் சேதியைச் சொன்னாள். ஏரி இருந்த பள்ளத்தில் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உள்ளே விழுந்த சாமான்கள் எல்லாம் கிடைக்கின்றன, அவற்றை நூலக மேசையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், உரியவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். "என் அப்பாவின் தூண்டில் பெட்டி கிடைத்தது. அது தொலைந்ததற்கு நான்தான் அடி வாங்கினேன்" என்றாள். கெர்ட்டு அவ்வளவு நீளமாகப் பேசி செண்பகவல்லி கேட்டதில்லை.

பத்தாம் நாள் ஊராட்சித் தலைவர் பூவலிங்கம் ஜேசிபி கொண்டுவந்தார். இரண்டே நாளில் ஏரியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கரை எழும்பியது. வடக்கே ஒரு மதகு, மதகுக்கு இரும்புப் பலகை, பலகைக்குப் பூட்டு, சாவி அவர் அரைஞாணில். பூவலிங்கம் கெட்ட மனுஷன் இல்லை. நாலு நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணி லாரிக்காகத் தெற்குத் தெருப் பெண்கள் காலையிலிருந்து நாலு மணி நேரம் வெயிலில் குடத்தின்மேல் உட்கார்ந்திருப்பதை வருஷக்கணக்காகப் பார்த்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர் அவர்.

"அண்ணே, வந்தவுகளப் பூட்டி வைக்கலாமா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"பூட்டல டீச்சர். இருந்துட்டுப் போகட்டுமேன்னு கதவச் சாத்துறேன்."

"அந்த ஊர்க்காரங்களுக்கும் வேணுமுல்ல?"

"அங்க ஆயிரம் ஏரி கெடக்குன்னு நீங்கதான சொன்னீக? ஆயிரத்துல ஒண்ணு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்."

செண்பகவல்லியும் தெற்குத் தெருவில் பிறந்தவள்தான். குடத்தின்மேல் உட்கார்ந்து படித்துத்தான் பத்தாம் வகுப்பு தேறினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சீனிராஜ் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, "எனக்கும் அவுக இங்கனயே இருந்துட்டா நல்லதுன்னுதாங்க தோணுது. அது தப்பா?" என்று கேட்டாள்.

சீனிராஜ் யோசித்தான். "நீ அங்கன இருந்தப்ப, இவ இங்கயே இருந்துட்டா நல்லதுன்னு அந்தம்மாவும் நெனச்சிருக்கும். ஆனா டிக்கெட் போட்டு அனுப்பிவச்சாகள்ல?" என்றான், மோர் ஊற்றச் சொன்னான்.

பதினெட்டாம் நாள் கெர்ட்டு மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை நேராகக் கேட்டாள். "எப்போது திரும்பி வரும்? படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. ஜூன் பத்தாம் தேதி குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. நீ அதனிடம் கேட்டாயா?"

"விருந்தாளிகிட்ட எப்பப் போறீங்கன்னு கேக்க முடியாது கெர்ட்டு."

"ஏன்?"

அந்த ஏனுக்குச் செண்பகவல்லி கால்மணி நேரம் விளக்கம் சொன்னாள். கெர்ட்டு முழுவதையும் கேட்டாள். "அப்படியென்றால் அதுவும் உன்னிடம் போகட்டுமா என்று கேட்காது. நீ சொல்லாமல் கிளம்பாது. அது மரியாதை தெரிந்த ஏரி" என்றாள்.

அந்த வாரத்தில்தான் ஏரிக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று.

பனிக்கட்டிகள் முதல் மூன்று நாளிலேயே கரைந்துவிட்டன. பிறகு தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று, பிறகு சூடாயிற்று, நாளுக்கு ஒரு சாண் இறங்கி, இறங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விட்டது. நாணல் நுனி கருகியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கழுத்துக்கோட்டுப் பறவைகள் இரண்டும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அலகைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தன. ஏரி முனகவில்லை. காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தாலும் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற விருந்தாளியைப்போல, காலையில் வந்து பார்ப்பவர்களுக்கு மினுக்கென்று ஒருதரம் வெளிச்சம் காட்டிவிட்டு மறுபடி சாம்பிப் போயிற்று.

"கைலாக்காவுக்கு மேலு சரியில்ல" என்று ராக்கு ஊரெல்லாம் சொன்னாள்.

வீட்டுக்கு ஒரு சேலை வந்தது. கம்பு நட்டுச் சேலைகளைக் கட்டிப் பந்தல் போட்டார்கள். கல்யாணச் சேலையும் இருந்தது, கிழிந்த சேலையும் இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒருத்தியின் தலைமாட்டில் நிற்பதுபோல இருந்தது. வெயில் சேலைகளை ஊடுருவிக்கொண்டு இறங்கியது.

இருபத்து மூன்றாம் நாள் தண்ணி லாரி வந்தது. குளிக்க, புழங்க ஏரி இருந்தாலும் குடிக்கிற தண்ணீருக்கு இன்னும் லாரிதான். தெற்குத் தெருப் பெண்கள் வழக்கம்போல வரிசையில் நின்று பிடித்தார்கள். முதல் குடத்தை இடுப்பில் வைத்த ராக்கு வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கரைமேல் ஏறினாள், மறுபக்கம் இறங்கினாள், குடத்தை ஏரியில் கவிழ்த்தாள். யாரும் யாரிடமும் எதுவும் பேசிவைத்திருக்கவில்லை. அடுத்தவளும் ஏறினாள், அதற்கடுத்தவளும் ஏறினாள், வீட்டுக்கு நாலு குடம் என்று அளந்து கொடுக்கிற தண்ணீரில் ஒரு குடத்தை ஒவ்வொருத்தியும் கொண்டுவந்து, காய்ச்சலில் கிடக்கிறவரின் உதட்டில் நனைப்பதுபோல மெல்லச் சாய்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு இறங்கிப் போனாள். அறுபத்தெட்டுக் குடம். தண்ணீர் மட்டம் ஒரு நூல்கூட ஏறவில்லை.

பூவலிங்கம் மதகின்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடம் கவிழ்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. செண்பகவல்லி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் தன் பங்கை ஊற்றிவிட்டு வந்திருந்தாள்.

"நான் இவுகளுக்காகத்தான் பூட்டுனேன்" என்றார்.

"தெரியும்ணே."

"இவுக என்னடான்னா..." வெறுங்குடத்தோடு போகிறவர்களைக் கையால் காட்டினார். "நம்ம வீடு தேடி வந்தவுகளுக்கு நம்ம வீட்ல வச்சு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிறக் கூடாது டீச்சர். காலத்துக்கும் பேச்சு நிக்கும்." அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த பூட்டைத் தாமே திறந்தார். மதகு மட்டும் பத்தாது, வந்தவர்கள் குனிந்து போகக்கூடாது என்று சொல்லி, ஜேசிபிக்கு ஆள் அனுப்பி, வடக்குக் கரையை ஆறு மார் அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டார்.

கரை திறந்த பிறகும் ஏரி கிளம்பவில்லை. சொல்லவேண்டியவள் சொல்லவில்லையே.

செண்பகவல்லிக்கு ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கத்தில் யாரையும் 'போங்க' என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இல்லை; இழவு வீடு தவிர எங்கும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம். ஏரியோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். போயிட்டு வாங்க என்றால் போய்விட்டு வந்துவிடும். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு ஊரின் ஏரியை ஒருதரம் கிளப்பிவிட்டது போதாதா? அவள் கெர்ட்டுவை அழைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, சுற்றி வளைக்காமல், கெர்ட்டு கேட்பதுபோல நேராகக் கேட்டாள்.

"அடுத்த வருஷமும் வரச் சொல்லலாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கெர்ட்டு அரைநாள் கழித்துத்தான் பதில் சொன்னாள். ஊரில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். "பனி உடைகிற மூன்று வாரம் இங்கே ஏரி யாருக்கும் ஆகாது. மேலே நடக்க முடியாது, படகும் விட முடியாது. உறைந்திருக்கிறதென்று நம்பிக் கால்வைத்து ஆட்கள் உள்ளே போயிருக்கிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் போனான். இந்த வருஷம்தான் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாட்களில் ஏரி வெளியூர் போய்வந்தால் எங்களுக்கும் நிம்மதி. மூன்று வாரம். நான்காவது வாரம் அனுப்பிவிட வேண்டும்."

"அனுப்பிருறோம்" என்றாள் செண்பகவல்லி. சொன்னபோது அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுமுன், ஊர் முழுதும் கரையில் கூடியது. வெறுங்கையோடு அனுப்ப முடியாதல்லவா. வெற்றிலை பாக்கு வைத்தார்கள். கருப்பட்டி கொண்டுவந்தவர்கள் கருப்பட்டியைப் போட்டார்கள், இல்லாதவர்கள் தங்கள் புஞ்சையிலிருந்து ஒரு கை கரிசல் மண்ணை எடுத்துவந்து போட்டார்கள். சீனிராஜ், அடுத்த தடவை வரும்போது வழி தவறினால் உதவும் என்று, 'கைலா, முள்ளிக்கண்மாய், சாத்தூர் வழி' என்று அச்சடித்த சின்ன பிளெக்ஸ் ஒன்றைச் சுருட்டித் தண்ணீரில் விட்டான். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். பென்சில் எழுத்தை அழிக்க ரப்பரும் சட்டைப்பையில் இருந்தது.

செண்பகவல்லி கரையில் குத்தவைத்துத் தண்ணீரைத் தொட்டாள். காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுட்டது.

"நல்லாக் கவனிக்க முடியல. மனசுல வச்சுக்காதீக" என்றாள். "போயிட்டு வாங்க. நெசமாத்தான் சொல்லுறேன். வாங்க."

வடக்குக் கரையின் திறப்பில் ஒரு சுழிப்பு உண்டாயிற்று. கழுத்துக்கோட்டுப் பறவைகள் எழும்பி ஒருதரம் சுற்றிவந்தன. வாசல்வரை வந்தவர்கள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்களே, அதுபோலத் தண்ணீர் முழுதும் ஒருதரம் செம்பருத்தியாய்ச் சிவந்தது. அப்புறம் பொட்டல் இருந்தது, ஈரம் இருந்தது, மேலே எழுபது எண்பது சேலைகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

நாலாம் நாள் சேதி வந்தது. கைஸ்லா தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, இரண்டு நாள் படுத்தே கிடந்தது, இப்போது தேவலாம். கிழக்குக் கரையில் தண்ணீர் சற்று இனிக்கிறது என்று குழந்தைகள் சொல்கிறார்கள். அடியில் கறுப்பாக ஒரு மண் படிந்திருக்கிறது. அதை அரைத்து மையாக்கி ஒற்றிப் பார்த்தேன், நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கறுப்பு எனக்குக் கிடைத்ததில்லை என்று கெர்ட்டு எழுதியிருந்தாள். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தாளில் கரிசல் மையில் ஒரு குடம். குடத்துக்குள் ஒரு ஏரி.

ஆனிமாதம் ஒருநாள் ராக்கு அரிவாளோடு கண்மாய்க்குள் போனாள். என்ன மதினி செய்யப்போறீக என்று செண்பகவல்லி கேட்டதற்கு, "அடுத்த வருசம் அவுக வாரப்ப மறுபடியும் பொட்டல்லயா உக்காரவைக்கிறது?" என்றாள். மறுநாள் பத்துப் பேர் போனார்கள். அதற்கடுத்த வாரம் ஊரே போயிற்று. பூவலிங்கத்தின் ஜேசிபி வேரைப் பிடுங்கியது. வேலிக்காத்தான் முள் தைக்காத பாதம் ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆடி முழுக்க வெட்டி, ஆவணி முழுக்கத் தூர் அள்ளி, இருபது வருஷம் காணாமல் போயிருந்த வரத்துக்கால்வாயைக்கூடத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்து, கரையில் மரக்கன்று நட்டார்கள். வெயிலில் அவுகளுக்கு நிழல் வேண்டும் என்று ராக்கு தெற்கோரம் முழுக்கப் புங்கை வைத்தாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. எல்லா வருஷமும் பெய்கிற மழைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதுவரை ஊருக்குள் நிற்க இடமில்லாமல் ரோட்டோடு ஓடிப்போன மழை. இந்த வருஷம் அது கால்வாய் வழியாக வந்து, சுத்தம் பண்ணிவைத்த கண்மாயைப் பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்தது. பத்து நாளில் கரை தொட்டது. செண்பகவல்லி சிமெண்டுத் தாளை மடியில் விரித்து, செங்கல் பொடியைத் தொட்டுத் தொட்டு, செவலையும் சேறுமாய்க் கலங்கிக் கிடந்த அந்தத் தண்ணீரை வரைந்தாள். நாள் தவறாமல் வரைந்தாள். அது அவளைத் தேடி வந்ததல்ல, அங்கேயே இருக்கப்போவது, உற்றுப்பார்க்கலாம்.

தை மாதம் கெர்ட்டு மூன்று மாதம் தங்கி வேலை செய்ய முள்ளிக்கண்மாய்க்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கழுவிக் கொடுத்தார்கள். அறைக்கு வெளியே, பிளெக்ஸில், 'ரெசிடென்சி' என்று சீனிராஜ் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தான்; அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று வெளியூர்க்காரர் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வந்த அன்றே கெர்ட்டு கண்மாயைப் பார்க்கவேண்டும் என்றாள். கரையில் நின்று, தளும்பத் தளும்பக் கிடந்த தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு செண்பகவல்லியிடம் நேராகக் கேட்டாள்.

"இது நிறைந்திருக்கிறதே. மே மாதம் எங்கள் ஏரி வந்தால் எங்கே தங்கும்?"

செண்பகவல்லி அதை யோசித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற ராக்குவிடம் சொன்னாள்.

"மே மாசத்துக்குள்ள பாதி வத்திரும். எடம் பத்தாதா என்ன? மிச்சத்துல நெருக்கி உக்காந்துக்கிடுவாக. பஸ்ஸுல உக்காரலையா? அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றாள் ராக்கு. "அவுகளுக்கும் பேச ஒரு ஆள் வேணாமா?"

செண்பகவல்லி அதை முடிந்தவரை மொழிபெயர்த்துச் சொன்னாள். கெர்ட்டு சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விருந்தாளிக்கு ஒதுக்கிய அறையைச் சுற்றிப் பார்க்கிற உறவுக்காரியைப்போல, கரையோடு நடக்கத் தொடங்கினாள். மதகைக் குனிந்து பார்த்தாள், புங்கங்கன்றுகளைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு இடத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கைவைத்துப் பார்த்தாள். முழுச் சுற்று வர ஒரு மணி நேரம் ஆயிற்று. செண்பகவல்லியும் ராக்குவும் புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து, முகம் சிவந்து திரும்பி வந்து, ராக்குவுக்கு முன்னால் நின்று, விமானத்தில் வரும்போது தாளில் எழுதிவைத்து மனப்பாடம் செய்த முப்பது தமிழ் வார்த்தைகளில் சரியான ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"பத்தும்" என்றாள் கெர்ட்டு.